கலமசூவில் வளர்ந்த மிருதங்கம்: ரோஹன் கிருஷ்ணமூர்த்தி சாதித்தது என்ன?

[காட்சி: மிருதங்கத்தின் வலந்தலை (வலது கைப் பக்கத் தோல்), மிக அருகில்]

கச்சேரி தொடங்கும் முன் மிருதங்க வித்வான் ஒரு கல்லையும் சின்னக் கட்டையையும் எடுத்து, வலந்தலையின் பின்னலில் டொக் டொக்கென்று தட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும், கீழிருந்து தட்டினால் இறங்கும். ஆனால் தோலை இழுத்துப் பிடித்திருக்கும் வாரே தளர்ந்துவிட்டால் கல்லால் ஆகாது. வார் பிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சென்னையில் கிடைப்பார். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், கலமசூ என்ற ஊரில்?

மிருதங்கக் கலைஞர் ரோஹன் கிருஷ்ணமூர்த்தி வளர்ந்தது அங்கேதான். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டு, தோல் இறுகிச் சுருதி ஏறிவிடும். கோடையின் ஈரத்தில் தோல் தளர்ந்து இறங்கிவிடும். ரோஹன் வாருக்குப் பதிலாக நட்டு, போல்ட்டு வைத்து இறுக்கும் முறை ஒன்றை வடிவமைத்தார். திருகினால் சுருதி மாறும். சம்பிரதாயக்காரர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் மூத்த வித்வான் உமையாள்புரம் சிவராமனே ஃபைபர்கிளாஸ் மிருதங்கம் செய்து பார்த்தவர். இந்த வாத்தியத்தில் கை வைக்கவே கூடாது என்பது பழைய வழக்கமும் அல்ல.

[காட்சி: கையால் ஆதி தாளம் போடுவது]

ரோஹனின் மற்ற சாதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: மிருதங்க வித்வான் குருவாயூர் துரையிடம் பயிற்சி, அமெரிக்காவின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் இசையியலில் முனைவர் பட்டம், மேடைக் கச்சேரிகள், மாணவர்கள். பட்டியல் பெரியதுதான். ஆனால் கடல் கடந்து வளரும் ஒருவருக்கு எது உண்மையில் கடினம் என்று பட்டியல் சொல்லாது. அதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஆதி தாளத்தில் 8 எண்ணிக்கை. ஒவ்வொன்றிலும் 4 மாத்திரை, அதாவது நான்கு சம பங்கு. ஆக ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு 32, பாதிக்கு 16. இப்போது "தா தீ கி ண தொம்" என்ற 5 மாத்திரைச் சொல்லை மூன்று முறை சொல்லுங்கள், 15 வரும். தாளத்தின் நடுவில் ஒரு மாத்திரை விட்டுத் தொடங்கினால் மூன்றாவது "தொம்" முடிந்ததும் கச்சிதமாகச் சமம், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டு, வந்து நிற்கும். கணக்கு இவ்வளவுதான், எந்த நாட்டிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம்.

சரி, இதையே இணைய வகுப்பில் வாசிப்போம். ஓர் எண்ணிக்கைக்கு ஒரு நொடி என்றால் ஒரு மாத்திரைக்குக் கால் நொடி. ஒலி கால் நொடி தாமதமாகப் போனாலே ஒரு மாத்திரை போச்சு! குரு தாளம் போட, சிஷ்யன் கூடவே வாசிப்பது நடக்காது. சிஷ்யன் தானே தாளம் போட்டு வாசிக்க, குரு கேட்டுத் திருத்துகிறார். அதனால் கோர்வைகள் (இப்படிக் கணக்குப் போட்டு முடிக்கும் கோவைகள்) மனப்பாடமாகிவிடும், மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தூள் பறக்கும். பாட்டுக்கு வாசிப்பதுதான் இடிக்கும். இன்னொருவருடைய மூச்சோடு சேர்ந்து போகிற வேலை அது, எதிரே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

[காட்சி: வட அமெரிக்க வரைபடம், டொராண்டோ, கிளீவ்லாண்ட்]

அந்த ஆளை அங்கேயே கொண்டுபோய் உட்கார வைத்தவர்கள் இருக்கிறார்கள். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சிஷ்யர் திருச்சி சங்கரன், 1971-இல் டொராண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பல்லாண்டுகள் கற்பித்தார். 1978-இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் தொடங்கிய தியாகராஜ ஆராதனை இசை விழாவுக்கு இந்தியாவிலிருந்து வித்வான்கள் வருகிறார்கள், அங்கே வளரும் பிள்ளைகளுக்கு அவர்களை நேரில் கேட்க வாய்ப்பு. அரங்கேற்றத்தை விட இதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். அரங்கேற்றத்தில் எல்லாம் ஒத்திகை பார்த்தது, கச்சேரியில் பாடகர் நிரவலில் (ஒரே வரியைக் கற்பனையோடு விதவிதமாகப் பாடும்போது) எங்கே திரும்புவார் என்று அவருக்கே தெரியாது.

ஆகவே வெளிநாட்டில் வளர்ந்த இளம் மிருதங்கக் கலைஞரின் பதிவு கையில் கிடைத்தால், நேராகத் தனிக்குத் தாவாதீர்கள். சௌக்க காலக் கிருதி, அதாவது மெதுவாகப் போகும் பாட்டு ஒன்றில், பல்லவிக்கு அடுத்த பகுதியான அனுபல்லவி தொடங்கும் இடத்தைக் கேளுங்கள். பாடகர் குரலைத் தணிக்கும்போது வலது கை அடங்கித் தொப்பியின் (இடது பக்கத் தோலின்) கும்கி என்ற வளைந்த ஒலி மட்டும் கேட்கிறதா? சங்கதி (ஒரு வரியின் மாற்று இசை வடிவம்) முடியும் இடத்தில் அரை எண்ணிக்கை சும்மா விடுகிறாரா? விட்டால், அவர் யாருடனோ நேரில் உட்கார்ந்து பல காலம் வாசித்திருக்கிறார்.