வால் கனத்தால் வம்பு

வணக்கம் நேயர்களே. தாமான் வீட்டுக் கார் போர்ச்சில் ஒருவர் விமானம் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் முதலில் கேட்பது, ‘எவ்வளவு வேகம் போகும்?’ அடுத்தது, ‘எஞ்சின் எத்தனை குதிரைச் சக்தி?’ எடை எவ்வளவு என்று கேட்க மாட்டார். அந்த எடை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்க ஆளே இல்லை. இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன். நேரம் இருந்தால் நம் மலேசிய வெக்கைக்கும் வருகிறேன். அனுமதி விஷயம் ஒரே வரி: சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு பேசிவிட்டு முதல் ரிவெட்டை அடியுங்கள், அடித்துவிட்டுப் பேசாதீர்கள்.

450 கிலோ எடைக்கு வரைந்த இரண்டு இருக்கை விமானம். மணிக்கு 70 கிலோமீட்டருக்குக் கீழே போனால் இறக்கை தாங்காது என்பது கணக்கு. மெத்தென்ற சீட், கூடுதல் மீட்டர்கள், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு சைஸ் தடித்த தகடு. இப்படியே 45 கிலோ ஏறிவிட்டது. இப்போது அந்த வேகம் 73-ஐத் தாண்டிவிடும். மூன்றுதானே என்று தோன்றும். ஆனால் தரை இறங்கும்போது சக்கரமும் பிரேக்கும் வாங்கிக்கொள்ள வேண்டிய சக்தி ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. நார்த்துணியும் எபோக்சிப் பசையும் வைத்துக் கட்டுகிறவர்களுக்கு இன்னொன்று: மிச்சமாக ஊற்றிய பசை வலுவைக் கூட்டாது, கனத்தைத்தான் கூட்டும். துணி நனைந்தால் போதும், தேங்கியதை வழித்து எடுங்கள். ஒவ்வொரு துண்டையும் சமையல் தராசில் வைத்து எடையை அதன் மேலேயே எழுதிவையுங்கள்.

சரி, எடை உட்காரும் இடம். கப்சாய் மோட்டாரில் பின்னால் கேஸ் சிலிண்டர் கட்டிக்கொண்டு போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஹேண்டில் லேசாகிவிடும். மேட்டில் ஏறினால் முன்சக்கரம் தூக்கப் பார்க்கும். விமானத்திலும் இதே கதைதான், ஆனால் அங்கே காலை ஊன்றத் தரை இல்லை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை 1.2 மீட்டர் என்றால், விமானத்தின் எடை மையம், அதாவது மொத்த எடையும் சமனாக நிற்கும் புள்ளி, நகர இருக்கும் இடம் ஏறக்குறைய 12 சென்டிமீட்டர். அரைச் சாண்! ஓட்டுநர், பயணி, பை, எரிபொருள் எல்லாம் சேர்ந்து, டாங்கி நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும், அந்த அரைச் சாணுக்குள் நிற்க வேண்டும்.

மூக்கு கனத்தால் இறங்கும்போது தலையைத் தூக்க முடியாமல் முன்சக்கரம் முதலில் இடிக்கும். கெட்டதுதான், ஆனால் முன்கூட்டியே கையில் தெரிந்துவிடும். வால் கனத்தால் வரும் வம்பு வேறு. வேகம் குறைந்து இறக்கை கைவிட்டபின் மூக்கு தானாகக் கீழே சாயாது. சாயாவிட்டால் வேகம் திரும்பாது.

ரைட் சகோதரர்களுக்கும் இதே தலைவலி. 1903 டிசம்பர் 17, 12 நொடி, 120 அடி. இது எல்லாருக்கும் தெரியும். அந்த 12 நொடியும் விமானம் குதிரை மாதிரி ஏறி ஏறி இறங்கியது அவ்வளவாகத் தெரியாது. எடை மையம் பின்தள்ளி இருந்ததுதான் காரணம். மறு ஆண்டு விமானத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? முன்பக்கம் 70 பவுண்டு இரும்பைக் கட்டினார்கள். ஒவ்வொரு பவுண்டுக்கும் கணக்குப் பார்த்தவர்கள், சும்மா கிடக்கும் இரும்பைச் சுமந்து பறந்தார்கள். அதற்குப் பிறகு ஆட்டம் குறைந்தது.

நம் ஆள் வால் பகுதிக்கு அழகாக இரண்டு கோட் பெயிண்ட் கூடுதலாக அடிக்கிறார். இரண்டு கிலோ. மையத்திலிருந்து மூன்றரை மீட்டர் பின்னால். அதைச் சரிக்கட்ட மூக்கில், 1.2 மீட்டர் முன்னால், ஆறு கிலோ ஈயம் வேண்டும். ஆக, பெயிண்டின் விலை எட்டுக் கிலோ. வாலில் அசையும் தகடுகளில் பெயிண்ட் ஏறினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கீலுக்கு முன்னால் வைத்த ஈய எதிர்எடை பற்றாமல் போய், வேகத்தில் அந்தத் தகடு படபடவென்று அடித்துக்கொண்டு பிய்ந்துவிடலாம். பெயிண்ட் காய்ந்ததும் மறுபடி சமன் பாருங்கள். பெயிண்டுக்கு முன்னால் பார்த்தது செல்லாது.

நிறுக்கும் விதம் இது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு தராசு. கதவைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், காற்று இறக்கையைத் தூக்கும். ரசமட்டம் வைத்து விமானத்தை நேராக்குங்கள். சக்கர அச்சிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள். முன்சக்கரம் 60, பின்சக்கரங்கள் 110, 112, மொத்தம் 282 கிலோ. முன்சக்கரம் பின் அச்சுக்கு 1.4 மீட்டர் முன்னால். 60-ஐ 1.4-ஆல் பெருக்கி 282-ஆல் வகுத்தால், பின் அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் முன்னால் எடை மையம். இது காலி விமானத்துக்கு, ஆள் ஏறியபின் தனிக்கணக்கு. டயர் பக்கவாட்டில் இறுகி நின்றால் தராசு பொய் சொல்லும். இறக்கி ஏற்றி மூன்று முறை பாருங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். வெக்கையைச் சுருக்கிவிடுகிறேன். விமானப் புத்தகத்தில் உள்ள எண்கள் 15 டிகிரிக் காற்றுக்கு. சுபாங்கில் மதியம் 33 டிகிரி என்றால், 2,000 அடிக்கு மேலே இருக்கும் மெலிந்த காற்றில் கிளம்புகிற மாதிரி. ஓட்டத்துக்குக் குறைந்தது ஆறில் ஒரு பங்கு தூரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஈரத்தைச் சொல்லாமல் விட முடியாது: இந்த வெக்கையிலும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடும் கார்பரேட்டருக்குள் பனி பிடிக்கும். பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே அவ்வளவு குளிரும். பவரைக் குறைத்து இறங்கும்போது, கார்பரேட்டருக்குச் சூடான காற்றை விடும் வெப்பக் குமிழை முழுதாக இழுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். இழுத்ததும் எஞ்சின் இருமும், பயந்துபோய்த் திரும்ப உள்ளே தள்ளத் தோன்றும். தள்ளாதீர்கள், அது பனி உருகி இறங்குகிற தண்ணீர்.