மழையில் கரண்ட் போய் வந்தபின் லினக்ஸ் திறக்கவில்லையா? அழித்துப் போடும் முன் இதைப் பாருங்கள்

[திரையில்: கருப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. கடைசி வரியில் அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று ஒரு சொல், பக்கத்தில் கண்சிமிட்டும் கர்சர்.]

இந்தத் திரையைப் பார்த்ததும் பாதிப் பேர் செய்வது ஒன்றுதான். பென்டிரைவை எடுத்து, உபுண்டு, மின்ட் என்று ஏதாவது ஒரு லினக்ஸ் வகையைப் புதிதாக ஏற்றிவிடுவது. ஒரு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் புத்தம் புதிதாக ஆகிவிடும், ஆனால் உள்ளே இருந்த போட்டோ, கணக்கு, பிள்ளைகளின் மார்க் ஷீட் ஸ்கேன் எல்லாம் போன இடம் தெரியாது. தேவையே இல்லாத வேலை அது. பெட்டி சாகவில்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வாசலிலேயே நிற்கிறது, அவ்வளவுதான்.

நான் பேசுவது கோத்தகிரியிலிருந்து. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் தென்மேற்கு மழை பிடிக்கும், எங்கள் பக்கம் அக்டோபரில் வடகிழக்கு. எந்த மழையாக இருந்தாலும் கதை ஒன்றுதான்: காற்றில் ஒரு கற்பூர மரமோ சில்வர் ஓக்கோ லைன் மேல் சாயும், கரண்ட் போகும், அரை மணி கழித்து வரும், வந்த வேகத்தில் மறுபடி போகும். இந்த இரண்டாவது தடவை போவதுதான் கம்ப்யூட்டருக்கு எமன். அப்போதுதான் அது பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

பக்கத்துத் தெருவில் ஓர் அக்கா, மகளிர் குழுக் கணக்கு எழுதுகிறவர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததும், விண்டோஸ் 11 ஏறாத அவருடைய பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தவன் நான்தான், அதனால் எது நடந்தாலும் பழி என் மேல்தான். நவம்பர் மழையில் ஒரு ராத்திரி போன். "தம்பி, பொட்டி கருப்பா நிக்குது, என்னமோ இங்கிலீஷ்ல கேக்குது. நாளைக்கு மீட்டிங். வந்து பாக்கறியா?"

போய்ப் பார்த்தால் இதே திரை.

[திரையில்: இலை எடை போடும் தராசு, ஒரு துண்டுச் சீட்டு, ஒரு பெரிய நோட்டு.]

சரி, ஏன் இப்படி ஆகிறது? நீங்கள் சேமி என்று அழுத்தியவுடன் எல்லாம் வட்டில் எழுதப்பட்டுவிட்டது என்று நினைத்தால், பெரும்பாலும் இல்லை. லினக்ஸ் முதலில் அதை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, அப்புறம் மொத்தமாக வட்டுக்கு அனுப்பும். சாதாரண அமைப்பில் ஒரு கோப்பின் உள்ளடக்கம் முப்பது நொடி வரைகூட அப்படிக் காத்திருக்கலாம். வேகத்துக்காகச் செய்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான், ஆனால் நம் ஊர் லைனை மனதில் வைத்துச் செய்யவில்லை.

இதற்கு ஒரு பாதுகாப்பும் உண்டு. உபுண்டு, மின்ட், டெபியன் எல்லாவற்றிலும் வழக்கமாக இருப்பது எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை, அதாவது வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை, 2008 முதல் லினக்ஸில் முழுமையாகப் புழக்கத்தில் இருக்கிறது. அதில் ஜர்னல் என்று ஒரு பகுதி உண்டு. நம் ஊரில் பச்சை இலை எடை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள்: முதலில் துண்டுச் சீட்டில் கிறுக்கிக்கொள்வார், அப்புறம் நிதானமாகப் பெரிய நோட்டில் ஏற்றுவார். இடையில் விளக்கு போனாலும் சீட்டைப் பார்த்து நோட்டைச் சரிசெய்துகொள்ளலாம். ஜர்னல் அந்தத் துண்டுச் சீட்டு. ஐந்து நொடிக்கு ஒரு தடவை அதில் குறிப்பு விழும். பத்து தடவை கரண்ட் போனால் ஒன்பது தடவை லினக்ஸ் தானாகவே சீட்டைப் படித்துச் சரிசெய்துகொண்டு திறந்துவிடும், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆனால் ஒன்று, சீட்டில் இருப்பது கணக்கு, இலை இல்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற விவரம்தான் ஜர்னலில் காப்பாற்றப்படுகிறது, கோப்புக்குள் நீங்கள் அடித்த வரிகள் வழக்கமான அமைப்பில் அதில் போவதில்லை. அதனால் பெட்டி நன்றாகத் திறந்தும், கடைசியாக அடித்துக்கொண்டிருந்த கடிதம் மட்டும் பழையதாகவோ காலியாகவோ இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அந்தப் பத்தாவது தடவைக்கு வருவோம். சீட்டும் நோட்டும் ஒத்துப்போகவில்லை, தானாக முடிவெடுக்க லினக்ஸுக்குப் பயம், உங்களைக் கேட்கிறது.

[திரையில்: கட்டளைகள் ஒவ்வொன்றாக அடிக்கப்படுகின்றன.]

முதலில் எக்ஸிட் என்று அடித்து என்டர் தட்டுங்கள். வெளியே போகாது. மறுபடி வட்டைத் திறக்கப் பார்த்து, முடியாமல், ஏன் முடியவில்லை என்று எழுதிவிட்டு இதே இடத்துக்குத் திரும்பி வரும். நமக்கு வேண்டியது அந்த எழுத்து. அதில் ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் என்று தொடங்கும் ஒரு பெயர் இருக்கும், எஸ்டிஏ2 என்பது போல, புது வகை எஸ்எஸ்டி என்றால் என்விஎம்இ என்று தொடங்கும். என் திரையில் இருக்கும் பெயரை அடிக்காதீர்கள், உங்கள் திரையில் இருப்பதை அடியுங்கள். வட்டின் கணக்கைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளை இது: எஃப்எஸ்சிகே, ஓர் இடைவெளி, ஹைஃபன் ஒய், ஓர் இடைவெளி, அப்புறம் ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷுடன் அந்தப் பெயர் முழுவதும். ஹைஃபன் ஒய் எதற்கு என்றால், அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பிழைக்கும் "சரிசெய்யட்டுமா?" என்று கேட்கும், நூறு பிழை இருந்தால் நூறு தடவை கேட்கும். வரிகள் ஓடி முடிந்ததும் மறுபடி எக்ஸிட். இந்தத் தடவை மேலே போகும். எந்தக் கோப்புடையது என்று தெரியாத துண்டுகள் லாஸ்ட் பிளஸ் ஃபவுண்ட் என்ற கோப்புறையில் கிடக்கும், ஏதாவது காணவில்லை என்றால் அங்கே தேடலாம்.

ஒரே ஓர் எச்சரிக்கை, இதை மட்டும் காதைத் தீட்டிக் கேளுங்கள். வரிகளுக்கு நடுவே ஐ ஸ்லாஷ் ஓ எரர் என்று திரும்பத் திரும்ப வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். அது கணக்குப் பிழை இல்லை, வட்டையே படிக்க முடியவில்லை என்று அர்த்தம். பெட்டியை அணைத்து, வட்டுக்குப் போகும் கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகிப் பாருங்கள், ஈரக்காற்றில் முனை கறுத்திருக்கலாம். அப்படியும் வந்தால் வட்டின் ஆயுள் முடிகிறது. பென்டிரைவிலிருந்தே, வட்டில் நிறுவாமல், லைவ் முறையில் லினக்ஸைத் திறந்து, முக்கியமானவற்றை வேறு வட்டுக்கு நகல் எடுத்துவிட்டு, அப்புறம் பழுது பார்ப்பதைப் பற்றி யோசிக்கலாம். சாகக் கிடக்கும் வட்டில் எஃப்எஸ்சிகே ஓட்டினால் மிச்சமிருப்பதும் போகலாம்.

இன்னொரு வகை: அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது. இதில் பெட்டி திறக்கும், ஆனால் எதையும் புதிதாக நிறுவ முடியாது, மென்பொருளை நிறுவும் டிபிகேஜி பாதியில் நின்றது என்று புலம்பும். நல்லவேளை, என்ன அடிக்க வேண்டும் என்பதையும் அதே வரியில் எழுதியிருக்கும்: சூடோ டிபிகேஜி, இரட்டை ஹைஃபன் கான்ஃபிகர், ஹைஃபன் ஏ. அது முடிந்ததும் சூடோ ஏபிடி, இரட்டை ஹைஃபன் ஃபிக்ஸ் ஹைஃபன் ப்ரோக்கன், இன்ஸ்டால். டெஸ்க்டாப்பே வராவிட்டால், பெட்டியைப் போட்டவுடன் ஷிஃப்டையோ எஸ்கேப்பையோ தட்டி க்ரப் என்ற தொடக்கப் பட்டியலுக்குப் போய், ரெகவரி முறையைத் தேர்ந்தெடுங்கள், உபுண்டுவிலும் மின்ட்டிலும் இதே வேலையைச் செய்யும் டிபிகேஜி என்ற வரி அங்கேயே இருக்கும். ஆனால் லாக், அதாவது பூட்டு, கிடைக்கவில்லை என்று வந்தால் பெரும்பாலும் அது பிழையே இல்லை, பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடுகிறது என்று அர்த்தம். லாக் கோப்பை அழி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கடவுச்சொல் சரியாகத்தான் போடுகிறேன், ஆனால் மறுபடி மறுபடி அதே லாகின் திரை வருகிறது என்பவர்களுக்கு: வட்டு நிரம்பியிருக்கலாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே கடவுச்சொல் அடிக்கும்போது புள்ளிகூடத் தெரியாது, கீபோர்டு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். உள்ளே போய் டிஎஃப், ஹைஃபன் ஹெச் அடியுங்கள், நூறு சதவீதம் என்று காட்டினால் சூடோ ஏபிடி கிளீன் போடுங்கள், இறக்கி வைத்த பழைய மென்பொருள் பொட்டலங்கள் போய்விடும். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற காப்பு நகல் கருவி எடுத்துக் குவித்த நகல்களையும் ஒரு பார்வை பாருங்கள், பல வீடுகளில் அதுதான் இடத்தைத் தின்கிறது.

[திரையில்: மதர்போர்டின் நெருக்கக் காட்சி. ஒரு வட்டப் பேட்டரி.]

இப்போது அக்காவின் பெட்டிக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அங்கே நான் ஒரு தப்பு செய்தேன். எஃப்எஸ்சிகே ஓடியது, பெட்டி திறந்தது, மீட்டிங் நடந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி போன். கணக்கில் நேற்றைய வரவு முந்தாநாள் தேதியில் ஏறியிருக்கிறதாம், மூலையில் கடிகாரம் முந்தாநாள் சாயங்காலத்திலேயே நிற்கிறதாம், நெட் வந்ததும் தானாகச் சரியாகிவிட்டதாம். அப்போதுதான் உறைத்தது. அன்று ராத்திரி ஓடிய வரிகளில், இந்த வட்டு கடைசியாகத் திறக்கப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று ஒரு வரி வந்தது. நான் படிக்காமல் விட்டுவிட்டேன், ஊருக்கெல்லாம் "திரையைப் படியுங்கள்" என்று சொல்கிற நான்.

எதிர்காலம் எப்படி வரும்? பெட்டியின் கடிகாரம் பின்னால் போயிருந்தால் வரும். மதர்போர்டில் சிஆர்2032 என்ற மூன்று வோல்ட் வட்டப் பேட்டரி ஒன்று இருக்கும், பெட்டி அணைந்திருக்கும்போது நேரத்தைக் காப்பது அதுதான். சுவரில் ஸ்விட்ச் போட்டே இருந்தால் அதற்கு அதிக வேலை இல்லை. நாமோ இடி மின்னலுக்குப் பயந்து ராத்திரி ப்ளக்கையே பிடுங்கிவிடுகிறோம், அது சரியான பழக்கம்தான், ஆனால் அத்தனை நேரமும் அந்தக் குட்டிப் பேட்டரிதான் தனியாகச் சுமக்கிறது. பேட்டரி போனால் பெட்டியின் நேரம் ஏதோ ஒரு பழைய வருடத்துக்கு ஓடிவிடும். லினக்ஸ் கொஞ்சம் கெட்டிக்காரன், கடைசியாகத் தனக்குத் தெரிந்த நேரத்தை ஒரு கோப்பில் குறித்து வைத்திருக்கும், அதற்கும் பின்னால் கடிகாரத்தைப் போக விடாது. அதனால்தான் 2010 என்று காட்டாமல் முந்தாநாள் சாயங்காலம் என்று காட்டியது. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வியாதியை மறைத்தது.

ஒரு பக்கக் குறிப்பு: உங்கள் கடிகாரம் மிகச் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி இருந்தால் பேட்டரியைத் தொடாதீர்கள். அது விண்டோஸும் லினக்ஸும் ஒரே பெட்டியில் இருப்பதால் வரும் சண்டை. ஒன்று பெட்டியின் கடிகாரத்தை இந்திய நேரமாகப் படிக்கிறது, இன்னொன்று உலகப் பொது நேரமாகப் படிக்கிறது. டைம்டேட்சிடிஎல், இடைவெளி, செட் ஹைஃபன் லோக்கல் ஹைஃபன் ஆர்டிசி, இடைவெளி, 1 என்று போட்டால் இரண்டும் சமாதானமாகிவிடும்.

அக்காவிடம் கேட்டேன், பெட்டி போடும்போது ஏதாவது எழுத்து வருகிறதா என்று. "அது தினமும் வரும் தம்பி, எஃப்1 அழுத்துனா போயிரும். ரெண்டு வருஷமா அப்படித்தான்."

இரண்டு வருடமாகப் பேட்டரி செத்துவிட்டது என்று பெட்டி தினமும் காலையில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு டீயும் வர்க்கியும் சாப்பிடும் காசுக்குப் புதுப் பேட்டரி கிடைத்தது. ப்ளக்கைப் பிடுங்கி, பழையதை நகத்தால் நெம்பி எடுத்து, பிளஸ் குறி மேலே இருக்கும்படி புதியதை அழுத்தி, பெட்டியின் தொடக்க அமைப்புத் திரையான பயோஸில் ஒரு தடவை தேதியைச் சரிசெய்து கொடுத்தேன்.

அடுத்த நாள் காலையிலேயே போன். "தம்பி, இன்னிக்கு எஃப்1 கேக்கவே இல்ல. எதாச்சும் கெட்டுப் போச்சா?"