வார்டை விடாத வாத்தியார்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, பணிச்சுமைக்கு நடுவிலும் வந்து தலைமை தாங்கும் செவிலியர் கண்காணிப்பாளர் அம்மா அவர்களே, நிலைய மருத்துவ அலுவலர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் செவிலியர் தின வணக்கம். இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் சிஸ்டர்களுக்குத் தனி வணக்கம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். அதைத் தன் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த ஓர் ஆசிரியரை இன்று நினைக்கிறோம். லூதர் கிறிஸ்ட்மன். அமெரிக்கர். அவர் பட்ட பாடு, அவர் குடும்பம், அவர் எழுத்து என்று மூன்றையும் சொல்ல வந்தேன்.

1915-ல் பென்சில்வேனியாவில், சம்மிட் ஹில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தார். 1939-ல் ஆண்களுக்கென்று தனியாக நடந்த செவிலியர் பள்ளியில் படித்துத் தேறினார். பிரசவ வார்டில் பயிற்சி கேட்டார். ஆண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று மறுத்துவிட்டார்கள். உலகப் போரின்போது போர்முனையில் செவிலியராகப் பணிசெய்கிறேன் என்றார். ராணுவச் செவிலியர் படையில் ஆண்களுக்கு இடமில்லை. அந்தக் கதவு 1955-ல்தான் திறந்தது. அவர் மணந்த பெண்ணும் செவிலியப் படிப்பு படித்தவர். மூன்று பிள்ளைகள். குடும்பத்தையும் தாங்கி, வேலையும் பார்த்து, ஐம்பது வயதில் முனைவர் பட்டம் வாங்கினார். வீட்டில் சம்பாதிக்கும் ஒருவர் படிக்கவும் உட்கார்ந்தால் என்ன பாடு என்பது இங்கே பலருக்குத் தெரியும்.

என் கதை ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். நான் டியூட்டராகி, அதாவது செவிலிய ஆசிரியராகி, நான்கு வருடம். ஒருநாள் மாணவிகளோடு வார்டுக்குப் போனேன். காய்ச்சலில் துவண்டு கிடந்த ஒரு பாட்டிக்கு வென்ஃப்ளான், அதாவது ரத்தக் குழாயில் மருந்து ஏற்றும் ஊசிக்குழாய், போடவேண்டும். "சார், நீங்க போட்டுக் காட்டுங்க" என்றாள் ஒரு மாணவி. நரம்பு தேடும் முறையை வகுப்பில் ஒரு மணி நேரம் நடத்தியவன் நான். முதல் குத்து தவறியது. இரண்டாவதும் தவறியது. புறங்கை நீலமாக வீங்கியது. பாட்டி திட்டவில்லை. "தம்பி, அந்த சிஸ்டரைக் கூப்பிடு சாமி" என்றார், அவ்வளவுதான். சிஸ்டர் வந்தார். வெந்நீரில் நனைத்த துண்டை முழங்கைக்குக் கீழே சுற்றினார், கையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டார், பாட்டியிடம் பேரன் பெயரைக் கேட்டார். பெயர் சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போயிருந்தது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் என்றால் என்னவென்று அந்தப் புறங்கையில் பார்த்தேன்.

அதன் பிறகுதான் கிறிஸ்ட்மனைத் தேடிப் படித்தேன். 1967-ல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் செவிலியர் கல்லூரித் தலைவரானார். 1972-ல் சிகாகோவின் ரஷ் என்ற மருத்துவ நிறுவனத்துக்கு வந்தபோது கல்லூரியும் மருத்துவமனைச் செவிலியப் பணியும் ஒரே கையில் வந்தன. பாடம் எடுப்பவரே நோயாளியையும் பார்ப்பார், வார்டில் இருப்பவரே பாடமும் எடுப்பார் என்று அங்கே முறை வகுத்தார். மருத்துவர்கள் அப்படித்தானே கற்பிக்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் தனிச் சுவர் என்பதே அவர் வாதம். 2011-ல் மறைந்தார்.

அவர் எழுத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. முதல்வர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். நம் டியூட்டர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வார்டுப் பணி வேண்டும். அதை மேற்பார்வை என்று பதியக்கூடாது; நோயாளிப் பொறுப்போடு தரவேண்டும். வார்டு சிஸ்டருக்கு மாதம் ஒரு வகுப்பாவது வேண்டும், அதற்குப் படியும் வேண்டும். வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. முதல் கையெழுத்தைக் கண்காணிப்பாளர் அம்மா போடவேண்டும் என்று பணிவோடு கேட்டு அமர்கிறேன். வணக்கம்.