கடைமடை வீட்டுக்கு வானத்திலிருந்து இணையம்

வணக்கம். ஊர்வீட்டுக்குச் சாட்டிலைட் இன்டர்நெட் போடலாமா என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், வீடு வேதாரண்யம் பக்கமோ பேராவூரணி பக்கமோ தோப்புக்குள் இருக்கும். நான் அவர்களிடம் முதலில் கேட்பது, அந்த வீட்டில் வருஷம் முழுக்க யார் இருக்கிறார்கள் என்பதுதான்.

பொங்கலுக்கும் குலதெய்வத்துக்குப் படையல் போடவும் மட்டும் திறக்கிற வீடென்றால் வேண்டாம். டிஷ்ஷுக்கு ஒரு தொகை, அப்புறம் மாதாமாதம் கட்டணம், இதெல்லாம் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு எதற்கு? அந்த நான்கு நாளைப் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டிவிடலாம். ஆனால் அப்பாவும் அம்மாவும் அங்கேயே இருக்கிறார்கள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள், பேரப்பிள்ளையிடம் பேச மாடிப்படியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றால், அவர்களுக்காக எல்லா வழியையும் பார்த்தே ஆகவேண்டும்.

சரி, எந்த வழி முதலில்? ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கம்பிதான். கிராமங்களுக்கு இணையம் கொடுக்கும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலை மாநில அரசின் டான்ஃபினெட் நிறுவனத்திடம் இருக்கிறது. உங்கள் ஊராட்சிக்கு வந்துவிட்டதா, அங்கிருந்து தெரு வரை இழுத்துத் தருவார்களா என்று ஊராட்சி அலுவலகத்திலும் ஊர்க் கேபிள்காரரிடமும் விசாரியுங்கள். கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். கிடைக்காவிட்டால், மொட்டை மாடியில் ஒரு பைப் நட்டு, வெளி ஆன்டெனா வைத்த 4ஜி ரவுட்டரைப் போட்டுப் பாருங்கள். நம்முடையது மலையோ குன்றோ இல்லாத பூமி, டவருக்கும் வீட்டுக்கும் நடுவே பெரும்பாலும் மரம்தான் மறைக்கிறது, அதனால் கூடத்தில் ஒரு கோடுகூடக் காட்டாத சிக்னல் மாடிக்கு மேலே நன்றாகவே கிடைக்கலாம்.

இரண்டும் ஆகாத கடைமடை வீடுகள் உண்டு. அவற்றுக்குச் சாட்டிலைட் சரியான வழி.

அதிலும் இரண்டு வகை. ஒன்று, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் செயற்கைக்கோள். நீங்கள் கேட்பது அங்கே ஏறி, இறங்கி, பதில் மறுபடி ஏறி இறங்கி வருவதற்குள் அரை வினாடி போய்விடும். படம் பார்க்கலாம், பணம் அனுப்பலாம், பேசும்போது மட்டும் ஒருவர் பேச்சில் ஒருவர் மோதிக்கொண்டே இருப்பார்கள். இன்னொன்று ஸ்டார்லிங்க் மாதிரி, 500 கிலோமீட்டர் அளவு உயரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் ஆயிரக்கணக்கான சிறு செயற்கைக்கோள்கள். இதில் பேச்சு தாமதமில்லாமல் வரும், ஆனால் கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் அகலமான திறந்த வானம் வேண்டும், குறுக்கே ஒரு தென்னை மட்டை வந்தாலும் அந்தச் சில வினாடி இணைப்பு அறுந்துபோகும். பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்புக்கு நடுவே வீடு வைத்திருப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிற்கிற வகைக்கு இந்தத் தொல்லை குறைவு, நம் ஊரில் அந்த டிஷ் ஏறக்குறைய உச்சியைப் பார்த்தே இருக்கும், மேலே சின்ன இடைவெளி போதும்.

மழையை மறந்துவிடாதீர்கள். ஐப்பசி அடைமழையில் டிடிஎச் டிவி நின்றுபோவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், இதுவும் கனமழையில் தடுமாறும். கரண்ட் கணக்கும் உண்டு. ஸ்டார்லிங்கின் வழக்கமான டிஷ் 75 முதல் 100 வாட் இழுக்கும், இரவும் பகலும் போட்டே வைத்தால் நாளுக்கு 2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். நமக்குக் கிடைக்கிற இலவச யூனிட்டில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். தூங்கப் போகும்போது அணைத்துவிடச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ டிஷ்ஷை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். இங்கே இதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும், ஒன்வெப், ஜியோ, அப்புறம் 2025 ஜூனில் ஸ்டார்லிங்க் என நிறுவனங்கள் அதைப் பெற்றிருக்கின்றன. இங்கே உரிமம் உள்ளவர்களிடம், உங்கள் ஊர் முகவரிக்கே பதிவு செய்து வாங்குங்கள்.

இதைத் தனி வீட்டு விஷயமாக மட்டும் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன, டவர்களுக்குக் கரண்ட் இல்லை, பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் வெளியூரில் பிள்ளைகள் தவித்தார்கள். செயற்கைக்கோள் இணைப்புக்கு உள்ளூர் டவரும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். ஸ்டார்லிங்க் மாதிரித் தட்டை டிஷ்ஷைக் காற்றடிக்கும் முன் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, ஓய்ந்ததும் வெளியே எடுத்து வைத்து ஒரு பேட்டரியில் போட்டால், கோள்களை அதுவே தேடிக்கொள்ளும். கடலோர ஊராட்சிகளில் புயல் பாதுகாப்பு மையத்துக்கு ஒன்று, ஒரு சோலார் தகடோடு இருந்தால், அந்த நாளில் ஊரே வரிசையில் நின்று வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடும். அக்டோபர் 2 கிராமசபை புயல் காலத்துக்குச் சற்று முன்னால் வருகிறது. இதைத் தீர்மானமாக எழுதி அங்கே கொடுங்கள், வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்வதாக அதிலேயே எழுதிவிடுங்கள்.