மார்கரெட் ரூதர்ஃபோர்டின் மோவாய்

எல்லோருக்கும் வணக்கம். இன்னும் கொஞ்ச நேரத்தில், 1961-இல் வந்த 'மர்டர் ஷி செட்' படத்தை இந்த அரங்கில் பார்க்கப் போகிறோம். அதில், அகதா கிறிஸ்டியின் கதைகளில் துப்பறியும் பாட்டியான மிஸ் மார்ப்பிளாக வரும் ஆங்கில நடிகை மார்கரெட் ரூதர்ஃபோர்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததே எனக்குச் சந்தோஷம். பருத்த உடம்பு, ஆடிக்கொண்டே இருக்கும் மோவாய், உருண்டு விழிக்கும் கண்கள். அவர் திரையில் வந்து நின்றாலே சிரிப்பு கிளம்பிவிடும். ஆனால் முதலில் நான் சொல்ல வேண்டியது சிரிப்புக்கே இடமில்லாத ஒரு கதை. அதில் நம் ஊரும் வருகிறது.

அவருடைய அப்பா வில்லியம் பென். கல்யாணமாகிச் சில மாதங்களில், 1883-இல், புத்தி பேதலித்துப் பெற்ற தகப்பனையே அடித்துக் கொன்றுவிட்டார். இறந்தவர் ஒரு பாதிரியார். வில்லியமை பிராட்மூர் மனநோய் விடுதியில் அடைத்தார்கள். சில வருஷம் கழித்து, குணமாகிவிட்டது என்று வெளியே விட்டார்கள். பென் என்ற குடும்பப் பெயரை உதறிவிட்டு அவர் ரூதர்ஃபோர்ட் ஆனார். 1892-இல் லண்டனில் மார்கரெட் பிறந்தார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் குடும்பம் கப்பலேறி வந்து சேர்ந்த இடம் மெட்ராஸ். நடந்தது எதுவும் தெரியாத ஒரு ஊரில் புதிதாக வாழ்ந்துவிடலாம் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ. அது நடக்கவில்லை. அடுத்த குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த அந்தத் தாய் ஒரு மரத்தில் தூக்குப் போட்டுக்கொண்டார். மூன்று வயதுப் பிள்ளை தாயில்லாமல் இங்கிலாந்து திரும்பியது. விம்பிள்டனில் அம்மாவின் சகோதரி பெஸ்ஸி எடுத்து வளர்த்தார்.

அப்பா செத்துப்போய்விட்டதாகத்தான் சிறுமியிடம் சொல்லி வைத்திருந்தார்கள். பன்னிரண்டாவது வயதில் உண்மை தெரிந்தது. அப்பா உயிரோடுதான் இருந்தார், மறுபடியும் பிராட்மூரில். அன்றைக்குப் பிடித்த பயம் கடைசிவரை விடவில்லை. தனக்கும் அந்த நோய் வந்துவிடுமோ என்ற பயம். பெரிய பெயர் வாங்கிய பிறகும் மனச்சோர்வு அவரை அடிக்கடி படுக்கையில் தள்ளியது. மின் அதிர்ச்சி வைத்தியம்கூட செய்துகொண்டார்.

சின்ன வயதிலிருந்தே நாடக ஆசை. ஆனால் வயிற்றுப்பாடு இருக்கிறதே! பியானோவும் பேச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்தார், சைக்கிளை மிதித்துக்கொண்டு வீடு வீடாகப் போய். பெஸ்ஸி இறந்தபோது விட்டுச்சென்ற கொஞ்சம் பணம் கைக்கு வந்த பிறகுதான் துணிந்தார். 1925-இல் ஓல்ட் விக் அரங்கில் மேடையேறியபோது வயது 33. அந்தக் காலத்தில் நடிகைகள் கதாநாயகி வேஷத்தை விட்டு இறங்கத் தொடங்கும் வயது அது. லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்டை எட்ட இன்னும் எட்டு வருஷம் ஆயிற்று.

1941-இல் நோயல் கவர்ட் எழுதிய 'பிளைத் ஸ்பிரிட்' நாடகம் வந்தது. ஆவிகளோடு பேசும் மேடம் ஆர்காட்டி வேஷத்துக்கு இவரைக் கேட்டபோது தயங்கினார். ஆவிகளை உண்மையாக நம்புகிறவர்களைக் கேலி செய்யக் கூடாது என்பது அவர் எண்ணம். கடைசியில் ஒத்துக்கொண்டு, அந்த அம்மாளை மனதார நம்பி நடித்தார். ஊரே சிரித்தது. 1945-இல் டேவிட் லீன் அதைப் படமாக்கினார். அதில் அவர் சைக்கிளில் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விம்பிள்டன் பியானோ டீச்சர் ஞாபகம்தான் வரும்.

இன்னொரு காட்சியையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்'. 1952-இல் வந்த படத்தில் இவர் மிஸ் பிரிஸம். பல வருஷங்களுக்கு முன் கைக்குழந்தையைக் கவனமில்லாமல் கைப்பையில் வைத்துத் தொலைத்துவிட்ட தாதி. அந்தக் குழந்தை வளர்ந்து ஆளாகி, பையோடு வந்து எதிரே நிற்கிறான். யார் பிள்ளை நான் என்று அவன் துடிக்கிறான். மிஸ் பிரிஸமோ பையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். இது பஸ்ஸில் அடிபட்ட தடம், இது பானம் கொட்டிய கறை, பூட்டில் என் பெயரின் முதல் எழுத்துகள். பை கிடைத்ததே போதும் என்ற நிம்மதி. மார்கரெட் அந்த இடத்தில் ஒரு துளிகூடச் சிரிப்புக் காட்டமாட்டார். பையை இழந்து இத்தனை வருஷம் தவித்த ஒருத்தியாகவே நிற்பார். அதனால்தான் நமக்குச் சிரிப்பு தாங்காது, கூடவே அவள்மேல் ஒரு பரிவும் வரும். அவருடைய நடிப்பு முழுக்க இதுதான் என்பேன். தான் ஏற்ற எந்தப் பெண்ணையும் அவர் ஏளனம் செய்ததில்லை.

மார்ப்பிள் வேஷத்துக்கும் முதலில் தயங்கினார். கொலைக் கதை என்றாலே அவருக்கு ஆகாது. காரணம் உங்களுக்கே புரியும். அப்புறம் ஒப்புக்கொண்டு நான்கு படங்களில் நடித்தார். கிறிஸ்டியின் மார்ப்பிள் ஒல்லியான, அமைதியான பாட்டி. இவர் 'மர்டர் அட் தி கேலப்' படத்தில் ட்விஸ்ட் நடனம் ஆடுவார், 'மர்டர் அஹாய்' படத்தில் வாள் சுழற்றுவார். அந்தப் படங்கள் கிறிஸ்டிக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் 1962-இல் தன் மார்ப்பிள் நாவல் ஒன்றை மார்கரெட்டுக்கே காணிக்கையாக்கினார். ஆஸ்கர் விருதும் கிடைத்தது, 'தி வி.ஐ.பி.ஸ்' படத்துக்காக, 71 வயதில். 1967-இல் டேம் பட்டம், பிரிட்டனில் பெண்களுக்குத் தரும் உயர்ந்த கௌரவம். 1972-இல் காலமானார்.

சரி, விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். படத்தில் மிஸ் மார்ப்பிளோடு கூடவே சுற்றும் நூலகர், பயந்த சுபாவக்காரர், மிஸ்டர் ஸ்ட்ரிங்கர். அந்தப் பாத்திரம் கிறிஸ்டியின் கதையிலேயே கிடையாது. நடித்தவர் ஸ்ட்ரிங்கர் டேவிஸ், மார்கரெட்டின் கணவர். இருவரும் 1945-இல் கல்யாணம் செய்துகொண்டார்கள், மார்கரெட்டுக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகு. படுக்கையில் விழுந்த நாட்களிலெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவர் திரையில் வரும்போது மார்கரெட்டின் முகத்தைப் பாருங்கள்.