நெட்வொர்க் கார்டில் நிரப்பும் நான்கு எண்கள்

நேயர்களுக்கு வணக்கம். பிரின்டர், கண்காணிப்புக் கேமரா, ஃபைல் சர்வர் ஆகியவற்றின் ஐ.பி. முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அவற்றின் அடையாள எண், அடிக்கடி மாறக் கூடாது. மாறினால், நேற்றுவரை ஒழுங்காக அச்சிட்ட கணினிக்கு இன்று பிரின்டர் அகப்படாது. அதனால்தான் இவற்றை நெட்வொர்க்கோடு இணைக்கும் நெட்வொர்க் கார்டில் முகவரியைக் கையால் நிரப்புகிறோம். ஐ.பி. முகவரி, அந்த முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் சப்நெட் மாஸ்க், வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் டீஃபால்ட் கேட்வே, தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என நிரப்ப வேண்டியவை நான்குதான். இதில் எது பிசகினாலும் "நெட் வரவில்லை" என்றுதான் புகார் வரும். ஆனால் ஒவ்வொன்றும் பிசகும்போது காட்டும் அறிகுறி வேறு. அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எதையும் மாற்றுமுன் இப்போதுள்ள எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து 'ஐ.பி.கான்ஃபிக்' என்று அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு 'ஆல்' சேர்த்தால் எல்லாம் திரையில் வரும். பிறகு அந்தக் கார்டின் ப்ராப்பர்ட்டீஸில் 'இன்டர்நெட் ப்ரோட்டோகால் வெர்ஷன் 4' என்ற வரியைத் திறந்தால் நான்குக்குமான கட்டங்கள் கிடைக்கும்.

முதலில் முகவரி. ரவுட்டர் 192.168.1.100 முதல் 200 வரை தானாக வழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அதற்கு வெளியே, 50 போன்ற எண்ணை எடுக்க வேண்டும். உள்ளே 120ஐ எடுத்தால் இன்று வேலை செய்யும். என்றைக்காவது ரவுட்டர் அதே 120ஐ ஒரு கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டால், இரண்டு கருவிகளும் விட்டுவிட்டுத் துண்டிக்கப்படும். பிங் செய்து, அதாவது ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, பதில் வராததால் அந்த எண் காலி என்று நம்பிவிடாதீர்கள். அணைத்து வைத்திருக்கும் கருவியும் பதில் தராது.

ஆளை அதிகம் ஏமாற்றுவது சப்நெட் மாஸ்க். 255.255.255.0 இருக்க வேண்டிய இடத்தில் 255.255.0.0 என்று போட்டுவிட்டால் இணையம் வரும், பக்கத்துக் கணினியும் தெரியும். ஆனால் வேறொரு கிளை நெட்வொர்க்கில் இருக்கும் 192.168.5.20 மட்டும் கிடைக்காது. ஏனென்றால், 192.168 என்று தொடங்குவதெல்லாம் தன் நெட்வொர்க்கிலேயே இருப்பதாகக் கார்டு எண்ணிக்கொள்கிறது. கேட்வேயிடம் அனுப்பாமல், அங்கேயே கூப்பிட்டுப் பார்க்கிறது. பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. பாதி வேலை செய்து பாதி செய்யாவிட்டால், முதலில் மாஸ்க்கைப் பாருங்கள்.

கேட்வே தவறினால் உள்ளே எல்லாம் கிடைக்கும், வெளியே எதுவும் கிடைக்காது. ஒரே கணினியில் இரண்டு கார்டுகள் இருந்தால், பொதுவாக ஒன்றில் மட்டும் கேட்வேயை நிரப்பி மற்றதில் காலியாக விடுவதே நல்லது. டி.என்.எஸ். தவறினால் இணையத்திலுள்ள 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் போகும், ஆனால் பெயரை அடித்தால் எந்தத் தளமும் திறக்காது.

நீங்கள் எதையும் நிரப்பாமலே விண்டோஸ் கணினியில் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், முகவரியைத் தானாக வழங்கும் ரவுட்டரின் டி.எச்.சி.பி.யிடமிருந்து பதில் வரவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது கேபிளையும் ஸ்விட்ச்சையும் பாருங்கள்.

வேகத்துக்கான அமைப்பை மட்டும் 'ஆட்டோ'விலேயே விட்டுவிடுங்கள். ஒரு முனையில் 100 எம்.பி.பி.எஸ். ஃபுல் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் அனுப்புவதும் பெறுவதும்) என்று கட்டாயப்படுத்தி, மறுமுனையை ஆட்டோவில் விட்டால், ஆட்டோ முனை வேகத்தைக் கண்டுகொள்ளும், டூப்ளெக்ஸைக் கண்டுகொள்ளாது; ஹாஃபுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்யும் நிலைக்கு, இறங்கிவிடும். பிங் நன்றாகவே போகும், பெரிய ஃபைலை நகலெடுத்தால் நகரவே நகராது. கிகாபிட் கார்டு 100 என்று காட்டினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் கேபிள்தான். கிகாபிட்டுக்கு உள்ளிருக்கும் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100க்கு 2 ஜோடி போதும். எனவே செட்டிங்ஸில் கை வைக்குமுன் வேறொரு கேபிளைச் செருகிப் பாருங்கள். வணக்கம்.