ஷாங்காய் பண்ட்: விடியக்காலையில ஒரு தடவ போங்க

எல்லாருக்கும் வணக்கம். ஷாங்காய் போயிட்டு வந்தவங்க ஃபோன வாங்கிப் பாத்தீங்கன்னா ஒரு போட்டோ கண்டிப்பா இருக்கும், ராத்திரி நேரம், ஹுவாங்பு ஆத்துக்கு அந்தப் பக்கம் கலர் கலரா லைட் போட்ட டவருங்க, இந்தப் பக்கம் இவங்க, இவங்களச் சுத்தி ஒரே தலை. அந்த இடந்தான் பண்ட். ஆத்தோட மேற்குக் கரையில சுமார் ஒன்றரை கிலோமீட்டருக்கு நீளமா போற நடைபாதை, அத ஒட்டி வரிசையா பழைய கல் கட்டடங்க. ராத்திரி போங்க, வேணாம்னு சொல்லல. ஆனா ஒரு நாளாவது சூரியன் வர்றதுக்கு முன்னாடி அங்க போய் நில்லுங்கன்னு கேட்டுக்கத்தான் வந்திருக்கேன்.

மொதல்ல டைம சொல்லிடுறேன், பல பேரு இதுலதான் கோட்ட விடுறாங்க. சீனா முழுசுக்கும் ஒரே நேரந்தான், பெய்ஜிங் நேரம். ஷாங்காய் கிழக்கு ஓரத்துல இருக்கறதால ஜூன் மாசத்துல 4:50க்கெல்லாம் விடிஞ்சிடும், அதே நாட்டுல மேற்குக் கோடியில இருக்குற கஷ்கர்ல குளிர்காலத்துல சூரியன் வர பத்து மணி ஆகும்! ஜூன்ல அந்த நேரத்துக்கு மெட்ரோ ஓட ஆரம்பிச்சிருக்காது, டாக்ஸியில வரணும், இல்ல நடக்குற தூரத்துல ரூம் போடணும். ஜனவரின்னா பிரச்சனையே இல்ல, ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னாடிதான் உதயம், மெட்ரோவுலயே வந்து நான்ஜிங் கிழக்கு ரோடு ஸ்டேஷன்ல இறங்கி ஆத்தப் பாத்து நடந்தா போதும். குளிர் மட்டும் எலும்பு வரைக்கும் போகும், பாத்துக்கோங்க.

சூரியன் எங்க வரும்னு கேட்டா, அந்த நான்ஜிங் ரோடு முடியுற எடத்துல நின்னீங்கன்னா மார்ச், செப்டம்பர்ல கிட்டத்தட்ட நேர் எதிர்ல, 468 மீட்டர் ஓரியன்டல் பேர்ல் டவர் பக்கத்துல வரும். கோடையில அதுக்கு ரொம்ப இடப்பக்கம் போயிடும், குளிர்காலத்துல வலப்பக்கம், 632 மீட்டர் ஷாங்காய் டவர் இருக்குற திசையில. அதனால எந்த மாசம் போறீங்கன்னு பாத்துட்டு நிக்கிற எடத்த முடிவு பண்ணுங்க.

ஆனா என்னக் கேட்டா அந்த நேரத்துல ஆத்துக்கு முதுகக் காட்டித் திரும்பி நிக்கணும். கிழக்கேருந்து வர்ற மொத வெளிச்சம் விழுறது இந்தப் பழைய கட்டடங்க மொகத்து மேலதான், ராத்திரி மஞ்ச லைட்டுல ஒரே மாதிரி தெரிஞ்சதெல்லாம் அப்போ தனித்தனியா தெரியும், தூணு, கல்லு, செதுக்கு வேலை எல்லாம். 1927ல கட்டின கஸ்டம்ஸ் ஹவுஸ் மணிக்கூண்டு, பக்கத்துலயே 1923ல கட்டின பழைய ஹெச்எஸ்பிசி பேங்க் கட்டடம், கொஞ்சம் வடக்க பச்சைக் கூம்பு வச்ச பீஸ் ஹோட்டல், அது 1929.

அந்த பீஸ் ஹோட்டல நாம சும்மா பாத்துட்டுப் போகக் கூடாதுங்க. அதக் கட்டினது விக்டர் சசூன், மும்பை கொலாபாவுல சசூன் டாக் இருக்கே, அந்தக் குடும்பம். நம்ம நாட்டு அபினிய சீனாவுக்கு வித்து சம்பாதிச்ச குடும்பங்கள்ல அதுவும் ஒண்ணு. பிரிட்டனோட நடந்த அபினிப் போர்ல தோத்த சீனா 1842ல நான்கிங் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு, அடுத்த வருஷமே ஷாங்காய் துறைமுகத்தத் திறந்துவிட வேண்டியதாச்சு, அதுலேர்ந்து வளந்ததுதான் இந்த வரிசை பூரா. பின்னாடி இந்த ஊர்த் தெருவுல போலீஸா நின்னவங்கள்ல பஞ்சாப்லேர்ந்து வந்த சீக்கியருங்களும் இருந்தாங்க. நம்ம வெவசாயி வெளைவிச்ச பயிரும் நம்ம ஆளுங்க உழைப்பும் இந்தக் கல்லுக்குள்ள இருக்கு, கூட்டத்துக்கு நடுவுல தள்ளுமுள்ளுல நிக்கிறப்போ இதெல்லாம் மனசுல ஏறாது.

கூட்டம்னதும் ஒண்ணு சொல்லியே ஆகணும். 2014 டிசம்பர் 31 ராத்திரி, புத்தாண்டு கொண்டாட வந்த கூட்டத்துல நெரிசல் ஏற்பட்டு இதே பண்ட்ல 36 பேர் செத்துப்போனாங்க, பெரும்பாலும் இளவட்டங்க. பண்டிகை நாள் ராத்திரியில குழந்தைகளக் கூட்டிக்கிட்டு அங்க போகாதீங்க, தயவுசெஞ்சு.

காலையில இருக்குற பண்ட் அந்த ஊர்க்காரங்களோடது. தாய்சி உடற்பயிற்சி பண்றவங்க, பட்டம் விடுற பெரியவங்க, கல்யாண டிரெஸ்ஸோட போட்டோ எடுக்க வந்த ஜோடிங்க, வடக்குக் கோடியில 1907ல போட்ட வைபாய்து இரும்புப் பாலத்துல ட்ரைபாட் வச்சிக்கிட்டு நிக்கிறவங்க. ஆத்துல மணலும் கரியும் ஏத்துன சரக்குப் படகுங்க தண்ணி விளிம்புல வந்து முட்டுற அளவுக்கு அமுங்கிப் போயிக்கிட்டே இருக்கும். கடல் ஏறுறப்போ இந்த ஆத்துத் தண்ணி மேல் நோக்கிக்கூட ஓடும், நாம நிக்கிற நடைபாதை உயரமா இருக்கறதே அது வெள்ளத்தடுப்புச் சுவருங்கறதாலதான்.

பாத்து முடிஞ்சதும் உடனே கெளம்பிடாதீங்க. பக்கத்துலயே ஃபெர்ரி இருக்கு, 2 யுவான்தான், அதுல அந்தக் கரைக்குப் போயிட்டு வாங்க, புடோங்குங்கற அந்தப் பகுதிக்கு 1990ல வளர்ச்சித் திட்டம் அறிவிக்கிறதுக்கு முன்னாடி அங்க இந்த டவர்ல ஒண்ணுகூட கெடையாது. திரும்பி வர்றதுக்குள்ள பேங்க் திறந்திருந்தா அந்தப் பழைய ஹெச்எஸ்பிசி கட்டடத்துக்குள்ள போங்க, இப்போ வேற பேங்க் நடக்குது. போட்டோ எடுக்க விடமாட்டாங்க, பரவாயில்ல, அண்ணாந்து பாருங்க, மேல மொசைக்ல எட்டு ஊருங்க இருக்கும், லண்டன், பாரிஸ், நியூயார்க்கோட கல்கத்தாவும் இருக்கு.